சுரண்டல்: ஒரு சொல்லும் ஓர் ஏடும்

நூல்களுக்கு மதிப்புரை எழுதுவது நமக்குப் பழக்கமான பணி. ஆயின், அச்சிட்டவர் ஒருவர், விற்றவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர், தொகுத்தவர் மற்றொருவர், ஆசிரியர் என்று சொல்ல எவருமிலர் என்னும்படியான ஓர் ஏட்டைத் திறனாய நேரும் என்று நாம் ஒருபோதும் எண்ணியதில்லை. அப்படியொரு ஏடு சென்ற மாதம் பத்தமடையில் நம் கைக்கு வந்தது.

இளமையில் சில ஆண்டுகள் நாம் ஓதிக் கொடுத்த ஊர் அது. கன்னடியன் கால்வாயின் ஈரத்தில் நிற்கும் வயல்களும், வாசல்தோறும் உலரும் கோரையும், உள்ளிருந்து கேட்கும் தறியோசையும் இன்றும் நம் நினைவைவிட்டு நீங்கவில்லை. அன்று நம்மிடம் அலிஃப் பே ஓதிய பிள்ளையொருவர் இன்று நாற்பது வயதைக் கடந்த குடும்பத்தலைவர். நிக்காஹ் ஒன்றுக்காகச் சென்ற நம்மைத் தம் இல்லத்துக்கு அழைத்துப்போய், தேநீர் தந்து, பருத்த ஏடொன்றை மடியில் வைத்தார். பக்கம் பக்கமாக லாட்டரிச் சீட்டுகள்! முதற்பகுதியில் பழைய அரசுப் பரிசுச் சீட்டுகள். நடுப்பகுதியில், 412 என்று அவரே எண்ணி வைத்திருந்த சுரண்டல் சீட்டுகள். இறுதியில் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடம் மாற்றிப் பெற்றவை.

நடுப்பகுதியில் பெரும்பாலானவை அவருடைய வாப்பா வாங்கியவை. பாய் நெய்து பிழைத்த அம்மனிதரை நாம் அறிவோம். மகன் சிறுவயதில் வாப்பாவின் சட்டைப்பையிலிருந்தும், சில வேளை சீட்டுக்கடை வாசலிலிருந்தும் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார். வாப்பா மௌத்தாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன.

"ஹஜ்ரத், வாப்பா விட்டுட்டுப் போனதுல எங்கிட்ட மிஞ்சினது இதுதான். இதை எரிச்சிரணுமா, வச்சிக்கிடலாமா?" என்று கேட்டார்.

அவ்வேளை நாம் விடை கூறவில்லை. ஏட்டைப் படித்துவிட்டுச் சொல்கிறோம் என்றோம். இக்கட்டுரையே அவ்விடை.

பெயரிலேயே பொருள்

முதலில் சொல்லைப் பார்ப்போம். குலுக்கல் நாள்வரை காத்திராமல், வாங்கிய இடத்திலேயே நகத்தாலோ நாணயத்தாலோ மேற்பூச்சைத் தேய்த்துப் பயனை அறியும் சீட்டுக்கு, ஆங்கிலத்தில் 'உடனடி' என்னும் பொருளில் பெயர் வைத்தார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1974 மே மாதம் இது முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. ஜான் கோசா என்னும் கணிப்பொறி அறிஞரும் அவருடைய கூட்டாளியும் வகுத்த முறை அது. அவர்களுடைய பெயர் வேகத்தைப் புகழ்ந்தது. தமிழ் மக்களோ 1990-களில் சிக்கிம், பூடான், நாகாலாந்து என்று பல அரசுகளின் பெயரால் சீட்டுகள் நம் கடைத்தெருக்களை நிறைத்தபோது, இவ்வகைக்குச் 'சுரண்டல் லாட்டரி' என்று பெயரிட்டுவிட்டார்கள்.

இப்பெயரை எந்தப் புலவர் மன்றமும் கூடி ஆக்கவில்லை. சுரண்டுதல் என்றால் நகத்தால் கீறி எடுப்பது. பிறர் உழைப்பை உறிஞ்சுவதும் சுரண்டல்தான். கூலித் தொழிலாளியும், பாய் நெய்பவரும், வண்டி இழுப்பவரும் நாள்தோறும் வாயால் சொல்லிக்கொண்டே அதை வாங்கினார்கள் என்பதுதான் வியப்பு. பெயர் உண்மையை உரைத்தது. கை அதைக் கேட்கவில்லை. சீட்டை மனிதன் சுரண்டுகிறான், மனிதனைச் சீட்டு சுரண்டுகிறது என்னும் இரண்டையும் ஒரே சொல் சுமந்து நின்றது.

இச்சீட்டின் அமைப்பையும் நோக்குதல் வேண்டும். குலுக்கல் சீட்டில், வாங்கும் நாளில் முடிவு எவருக்கும் தெரியாது. சுரண்டல் சீட்டிலோ அச்சகத்தை விட்டுப் புறப்படும்போதே முடிவு தாளில் அச்சாகிவிட்டது. அதன்மேல் ஒளி புகாத மெல்லிய ரப்பர்ப் பூச்சு ஒன்று, அவ்வளவே. சுரண்டுபவர் எதையும் தீர்மானிப்பதில்லை. வலக்கையால் சுரண்டினாலும், பிஸ்மில் சொல்லிச் சுரண்டினாலும், பிள்ளையைவிட்டுச் சுரண்டச் செய்தாலும் தாளிலுள்ள எழுத்து மாறப்போவதில்லை.

'அதிர்ஷ்டம்' என்னும் வடசொல்லுக்குக் 'காணப்படாதது' என்பது பொருள். மறைவானவற்றை நாம் கைப் என்கிறோம். அதன் திறவுகோல்கள் இறைவனிடமே உள்ளன என்பது நம் நம்பிக்கை. இங்கே மறைந்திருப்பதோ இறைவன் மறைத்ததன்று. அச்சகத்தார் பூசி மறைத்தது. நகத்தின் கனமும் இல்லாத பூச்சின் அடியில் ஒரு செயற்கை மறைபொருளை ஆக்கி, 'இதில் உன் நஸீபு இருக்கிறது' என்று விற்பது ஏழையின் பணத்தை மட்டுமா பறிக்கிறது? அவனுடைய நம்பிக்கைச் சொற்களையும் அல்லவா களவாடிக்கொள்கிறது!

ஒரு முழக்கத்தின் இலக்கணம்

ஏட்டின் முதற்பகுதிக்கு வருவோம். அறிஞர் அண்ணா முதலமைச்சராயிருந்த 1968-ஆம் ஆண்டில் தமிழக அரசின் பரிசுச் சீட்டுத் திட்டம் தொடங்கிற்று. 1975-இல் கலைஞர் அரசு அதை நிறுத்தியது; 1984-இல் எம்.ஜி.ஆர். அரசு மீண்டும் தொடங்கியது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு தமிழகத்தில் எல்லா லாட்டரிகளின் விற்பனையையும் தடைசெய்தது. கட்சிக்குக் கட்சி மாறிமாறித் திறந்தும் மூடியும் வந்த கதவு இது. எனவே இதில் எவரையும் தனியே பழிப்பது நம் நோக்கமன்று.

நம் திறனாய்வுக்கு உரியது, அத்திட்டத்தோடு பிறந்து இன்றும் முதியோர் நாவில் தங்கியிருக்கும் முழக்கம்: 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு.'

எதுகை பிசகாத தொடர். வீடு, நாடு என்னும் இரு சிறு சொற்களுக்குள் தன்னலத்தையும் பொதுநலத்தையும் அடக்கிவிட்ட திறமையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும், மாணவனுக்கு இலக்கணம் கற்பிப்பதுபோல இத்தொடரைப் பகுத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். இதில் பணம் சேரும் இடம் இரண்டு முறை சொல்லப்படுகிறது. பணம் புறப்படும் இடம் ஒருமுறைகூடச் சொல்லப்படவில்லை. 'வீட்டுக்கு' உண்டு, 'நாட்டுக்கு' உண்டு, 'வீட்டிலிருந்து' இல்லை. நான்காம் வேற்றுமை இரண்டிடத்தில் வந்திருக்க, ஐந்தாம் வேற்றுமை மறைந்துவிட்டது. பரிசு ஒரு வீட்டுக்கு விழும்பொருட்டு எத்தனையோ வீடுகளிலிருந்து ரூபாய் எழுந்து போயிருக்கிறது. அவ்வீடுகளுக்கு இத்தொடரில் இடமில்லை. தோற்றவன் இம்முழக்கத்தில் தோற்றவனாக வருவதில்லை. கொடை வள்ளலாக வருகிறான்.

அரசே நடத்தினாலும் லாட்டரி சூதாட்டமே என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. நாட்டுக்குச் சென்றது எவ்வளவு, நடுவில் நின்றவர்களுக்குச் சென்றது எவ்வளவு என்று கேட்கவும் நமக்கு உரிமையுண்டு. 2024-இல் தேர்தல் பத்திர விவரங்கள் வெளியானபோது, நாட்டிலேயே மிகுதியாக அப்பத்திரங்களை வாங்கியது ஒரு லாட்டரி நிறுவனம் என்பது தெரிய வந்தது. தொகை 1,368 கோடி ரூபாய். விழாத சீட்டுகளின் பணம் எங்கெங்கே விழுந்தது என்பதற்கு இது ஒரு குறிப்பு.

பத்து அம்புகள்

'நாட்டுக்கு நன்மை' என்னும் வாதம் 1968-இல் பிறந்ததன்று. அரபு நாட்டின் அறியாமைக் காலத்திலேயே அது முதிர்ந்திருந்தது. இறைமறை தடுத்த 'மைஸிர்' என்பதற்குச் சூதாட்டம் என்று பொருள் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அது எப்படி ஆடப்பட்டது என்பதைத் தஃப்ஸீர் நூல்கள் விரிவாகச் சொல்லியுள்ளன. ஸமக்ஷரீயின் 'கஷ்ஷாஃப்' இவ்வகையில் சிறந்த சான்று.

ஓர் ஒட்டகத்தை அறுத்துப் பங்கிடுவார்கள். பத்து அம்புகள் ஒரு பையிலிடப்படும். அவற்றுள் ஏழுக்குப் பங்கு உண்டு: முதலம்புக்கு ஒரு பங்கு, அடுத்ததற்கு இரண்டு என்று ஏறி, 'முஅல்லா' என்னும் ஏழாவதற்கு ஏழு பங்கு. எஞ்சிய மனீஹ், ஸஃபீஹ், வக்து என்னும் மூன்றும் வெற்றம்புகள். பை குலுக்கப்பட்டு அம்பு ஒவ்வொன்றாக எடுக்கப்படும். வெற்றம்பு எவர் பெயருக்கு வந்ததோ அவருக்கு இறைச்சியில் ஒரு துண்டுமில்லை. ஒட்டகத்தின் விலையோ அவர் தலைமேல்.

இனி வருவதுதான் நம் பொருளுக்கு உயிரானது. வென்றவர்கள் அவ்விறைச்சியைத் தாம் உண்பதில்லை, ஏழைகளுக்கு வழங்கிவிடுவார்கள், வழங்கியதைச் சொல்லிப் பெருமை கொள்வார்கள். இவ்வாட்டத்தில் சேராதவனுக்குப் 'பரம்' என்று ஓர் இழிபெயரும் வைத்திருந்தார்கள். கஞ்சன், ஊரோடு ஒட்டாதவன் என்பது கருத்து. ஆக, ஏழைக்கு உதவுவதற்காகச் சூது, சேராதவனுக்கு வசை, விலை கொடுப்பவன் தோற்றவன் என்னும் மூன்றும் அன்றே இருந்தன. 'விழாவிட்டால் நாட்டுக்கு' என்பதன் அரபு மூலம் இதுதான் என்று சொன்னால் மிகையாகுமா?

இறைமறை இதற்கு அளித்த விடையின் நேர்மையைக் கருதுக. அதில் நன்மையே இல்லை என்று அது சொல்லவில்லை. அல்பகரா அத்தியாயத்தின் 219-ஆம் வசனம், மதுவிலும் சூதிலும் மக்களுக்குச் சில பயன்கள் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்ட பின்னரே, அவற்றின் பாவம் பயனைவிடப் பெரிது என்று எடைபோட்டுக் காட்டுகிறது. எதிராளியின் வாதத்தில் உள்ள உண்மையை மறைக்காமல் எடுத்து வைத்துவிட்டு மறுப்பதே உயர்ந்த மறுப்பு. அவ்வசனம் அத்தோடு முடியவுமில்லை. எதைச் செலவிடுவது என்ற கேள்வி அங்கேயே தொடர்கிறது. 'அஃப்வ்', அதாவது தேவைக்குப் போக மிஞ்சியது, என்பது விடை. சூதைப் பற்றிய கேள்விக்கும் கொடையைப் பற்றிய கேள்விக்கும் ஒரே வசனத்தில் இடம் அமைந்தது வீணன்று என்று நாம் கருதுகிறோம். கொடை என்பது மிஞ்சியதிலிருந்து, அறிந்து, மனமுவந்து தருவது. அடுப்புக்கு வைத்த காசை ஆசை காட்டி எடுத்துக்கொண்டு அதற்குக் கொடை என்று பெயரிடுவது பொருந்தாது.

வள்ளுவர் பெருமானின் வைப்பு முறையும் இங்கே நினைக்கத் தக்கது. சூது என்னும் 94-ஆம் அதிகாரத்தை அவர் அறத்துப்பாலில் வைக்கவில்லை, பொருட்பாலில் வைத்தார். முன்னே கள்ளுண்ணாமை, பின்னே மருந்து. மதுவும் சூதும் இறைமறையில் இணைந்து நிற்பதுபோலவே குறளிலும் அடுத்தடுத்து நிற்கின்றன. சூதை அவர் தனிமனிதனின் பாவமென்று மட்டும் காணாமல், குடியின் பொருளாதாரத்தைத் தின்னும் நோயென்று கண்டார் என்பதற்கு அவ்விடமே சான்று.

பங்கும் பாலும்

'கிஸ்மத்து இருந்தால் விழும்' என்று நம் வீடுகளில் சொல்லக் கேட்கிறோம். கிஸ்மத் என்னும் சொல் 'கஸம' என்னும் அரபு வேரிலிருந்து வந்தது. பங்கிடுதல் என்பது பொருள். தமிழிலும் 'பால்' என்னும் பழஞ்சொல் பகுதியையும் குறிக்கும், ஊழையும் குறிக்கும். இறைவன் பங்கிட்டுத் தந்ததே விதி என்னும் எண்ணம் இருமொழியிலும் ஒன்றுபட்டிருப்பது இன்பமான செய்தி. ஆனால் அதே வேரிலிருந்து பிறந்த 'இஸ்திக்ஸாம்' என்னும் சொல்லை, அம்பெறிந்து தன் பங்கைத் தேடுவதைக் குறிக்க இறைமறை அல்மாயிதா அத்தியாயத்தில் ஆண்டு, அதை விலக்கியிருக்கிறது. பங்கிடுவது இறைவன் செயல். அம்பிடமும் சீட்டிடமும் போய் 'என் பங்கு எது' என்று இரத்தல் அச்செயலை அவமதிப்பதாகும்.

இதனால் சீட்டுப் போட்டுப் பார்த்தல் எல்லாமே குற்றம் என்று எவரும் எண்ணிவிடலாகாது. மர்யம் அம்மையாரை வளர்க்கும் பொறுப்பு எவருக்கு என்று எழுதுகோல்களை எறிந்து பார்த்தார்கள் என்பது இறைமறைச் செய்தி. நபிகள் நாயகம் (ஸல்) பயணம் புறப்படும்போது உடன்வருபவர் எவர் என்பதைத் துணைவியரிடையே சீட்டிட்டு முடிவு செய்தார்கள். இது 'குர்ஆ' எனப்படும். முதலாம் பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சொல்லும் குடவோலையும் இவ்வகையே. அங்கெல்லாம் எவரும் பந்தயம் கட்டவில்லை. சம உரிமையுள்ளோரிடையே மனத்தாங்கல் வராமலிருக்கச் சீட்டு வழிசெய்தது. ஒருவர் பெறுவதற்கு மற்றவர் இழந்தாக வேண்டும் என்பது குர்ஆவில் இல்லை. மைஸிரிலோ அதுவே அடித்தளம்.

கருணையின் கணக்கு

செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். அங்கே லாட்டரி இன்றும் அரசுத் தொழில். தனியார் லாட்டரிகளை ஒழித்து 1967-இல் அரசு லாட்டரித் துறையைத் தோற்றுவித்தவர் அன்றைய நிதியமைச்சர் பி.கே. குஞ்ஞு சாகிப், நம் சமுதாயத்தவர். 1967 நவம்பர் முதல் நாளில் ஒரு ரூபாய்ச் சீட்டு வெளிவந்தது; முதற்பரிசு 50,000 ரூபாய்; குலுக்கல் 1968 குடியரசு நாளில். 2011-இல் தொடங்கிய 'காருண்யா' சீட்டின் வருவாய், புற்றுநோயும் இருதய நோயும் சிறுநீரக நோயும் உற்ற ஏழைகளின் சிகிச்சைக்குத் திருப்பப்பட்டது. அதனால் பிழைத்தவர்கள் உண்டு. சீட்டு விற்றுப் பிழைக்கும் உடல் ஊனமுற்றோரும் அங்கே பலர். இவற்றை மறைத்துவிட்டு வாதிடுவது இறைமறை காட்டிய நேர்மைக்கு ஒவ்வாது.

எனினும், ஏழை நோயாளியின் மருந்துச் செலவை ஏற்பது செல்வர்மீதும் அரசின்மீதும் உள்ள கடமை. அக்கடமையை மற்றோர் ஏழையின் ஏமாற்றத்தின்மேல் ஏற்றி வைப்பது கருணையாகுமா? ஒட்டகத்தின் விலையை வெற்றம்பு பெற்றவனே கொடுத்தான். இறைச்சி ஏழைக்குப் போயிற்று. புகழ் நடத்தியவனுக்குப் போயிற்று. ஜகாத்தும் வக்ஃபும் இதற்கு நேர்மாறான வழிகள். அவ்வழிகளை நாம் செம்மையாகப் பேணாததும் இச்சீட்டுக்கு இடங்கொடுத்தது என்பதை நம்மை நாமே நொந்துகொண்டு ஒப்ப வேண்டும்.

ஏட்டின் மறுபுறம்

இனி, சேகரிப்பைப் பற்றி. தபால் தலை சேர்ப்பதைப்போல லாட்டரிச் சீட்டுச் சேர்ப்பதும் மேனாடுகளில் ஒரு பொழுதுபோக்கு. அதற்குச் சங்கங்களும் உண்டு. அவர்களிடையே, சுரண்டாத சீட்டுக்கு மதிப்பு மிகுதி. எவரையும் சுரண்டாத சீட்டே உயர்ந்தது என்று நாமும் ஒப்புக்கொள்ளலாம்!

நம் மாணவரின் ஏடு அவ்வகையினின்று வேறுபட்டது. அதன் நடுப்பகுதி முழுவதும் சுரண்டியவை, முழுவதும் தோற்றவை. ஏன்? பரிசு விழுந்த சீட்டு கடைக்குத் திரும்பிவிடும். பணமாக மாறி மறைந்துவிடும். விழாததே தரையில் கிடக்கும். ஆகவே சுரண்டிய சீட்டுகளின் தொகுப்பு எதுவாயினும் அது தோற்றவர்களின் தொகுப்பாகவே இருக்க இயலும். பத்திரிகைகள் வென்றவரின் படத்தை அச்சிட்டன. கடைக்காரர் வென்ற எண்ணைப் பலகையில் எழுதி மாலையிட்டார். தோற்றவருக்குப் படமுமில்லை, பலகையுமில்லை. முழக்கம் மறைத்த ஐந்தாம் வேற்றுமையை, 'வீட்டிலிருந்து' என்னும் சொல்லை, இவ்வேடு தன்னையறியாமல் காத்து வைத்திருக்கிறது.

ஒரு பக்கத்தில் பசை விட்டுச் சீட்டொன்று நம் கையோடு வந்துவிட்டது. திருப்பிப் பார்த்தோம். பின்புறத்தில் விதிகளின் மங்கிய அச்சுக்கு மேல் பென்சிலால் எழுதிய கணக்கு: கோரை, சாயம், நூல், கடைப்பாக்கி. அவருடைய வாப்பாவின் கையெழுத்து. மகனும் அதை அன்றுதான் கண்டார். மேலும் சிலவற்றைத் தளர்த்திப் பார்த்தபோது அவற்றிலும் அப்படியே. ஒன்றில் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு குறித்திருந்தது. அதன்மேல் ஒரு கோடு இழுத்திருந்தது.

நாம் சிறிது நேரம் பேசவில்லை. பத்தமடைப் பாயின் சிறப்பை உலகறியும். கோரையை ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறவைத்து, மயிரிழையாக வகிர்ந்து, பாவிடையே ஒவ்வொன்றாகச் செலுத்தி, மடித்துக் கைக்குள் அடக்கும் மென்மையோடு ஒரு பட்டுப்பாய் முடிய வாரங்கள் ஆகும். மணமக்கள் பெயரையே அதில் நெய்து தருவார்கள். அத்தகைய கையும் கண்ணும் உடைய ஒருவர், தம் கைவேலை தராத நிம்மதியை நகத்தால் சுரண்டித் தேடியிருக்கிறார். அவருடைய பேராசையை மட்டும் குறைகூறுவது எளிது. அவருடைய பாய்க்கு உரிய விலை அவர் கைக்கு வந்திருந்தால் இந்த 412-இல் எத்தனை வாங்கியிருப்பார் என்று கேட்பது கடினம். திறனாய்வு அக்கடினமான கேள்வியையும் கேட்டாக வேண்டும். 'மைஸிர்' என்னும் சொல்லை எளிமை என்னும் பொருள்தரும் 'யுஸ்ர்' என்பதிலிருந்து வருவிப்பார்கள். உழைப்பின்றி எளிதில் வரும் பொருள் என்பது கருத்து. உழைத்தும் எளிமை காணாதவனே அந்த எளிமைக்கு ஏங்குகிறான்.

நாம் இதைப் பார்த்துக்கொண்டிருக்கையில், மாணவரின் மகன் கைபேசியோடு ஓடிவந்தான். கடையில் பணம் செலுத்தியதற்காகச் செயலி ஒன்று திரையில் அட்டை காட்டியிருக்கிறது. விரலால் சுரண்டினால் பரிசாம். சுரண்டினான், 'அடுத்த முறை முயலுங்கள்' என்று வந்தது. காசு கட்டாததால் அது சூது ஆகாது என்று வாதிடலாம். நாமும் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் பாட்டனாரின் நகம் கற்ற பாடத்தைப் பேரனின் விரல் பயில்வதைக் கண்டோம். 2003-இல் சீட்டு போயிற்று. சுரண்டும் பழக்கம் போகவில்லை.

இப்போது விடை. இது ஃபத்வா அன்று. ஃபத்வா வேண்டுவோர் முஃப்தியை அணுகுக. ஓர் ஏட்டைப் படித்தவர் என்ற முறையில் சொல்கிறோம். தம்பி, எரிக்க வேண்டாம். அச்சீட்டுகளில் பந்தயம் முடிந்துவிட்டது. எஞ்சியிருப்பது இப்ரத், படிப்பினை. விற்கவும் வேண்டாம், வண்ணப் படங்களை வியந்து பார்க்கும் பொருளாக்கவும் வேண்டாம். பசையை மெல்ல நீக்கி, முன்புறம் போலவே பின்புறமும் தெரியும்படி ஒவ்வொன்றையும் அமைத்து வையுங்கள். முன்புறம் அச்சகத்தார் எழுதியது. பின்புறம் உங்கள் வாப்பா எழுதியது. உங்கள் மகனுக்கு எழுத்துக் கூட்டும் பருவம் வந்ததும், பின்புறத்திலிருந்து படிக்கத் தொடங்கச் சொல்லுங்கள்.

அந்தக் கோடு இழுத்த வரியை அவன் வாசிக்கும்போது நீங்கள் அருகில் இருங்கள்.